போறணைக்கு ஏற்ற பாத்திரம்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் பாண், போறணை, தாச்சி என்னும் மூன்றும் போர்த்துக்கேயர் வழி வந்தவை. அவர்கள் புளியந்தீவிற் கோட்டை கட்டியது 1628ஆம் ஆண்டில். பத்தே ஆண்டுகளில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. கோட்டை கை நழுவினாலும் அடுக்களையில் அவர்கள் பதித்த சுவடு அழியவில்லை. அவர்தம் வழித்தோன்றல்களான பறங்கியர் இன்றும் இப்பகுதியில் வாழ்கின்றனர். ஒரு காலத்தில் நத்தாரை ஒட்டி அவர்கள் வீடுகளில் மட்டுமே கமழ்ந்த கேக்கின் மணம் இப்பொழுது எல்லோர்க்கும் பொதுவாகிவிட்டது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் கேக் உண்டு. தமிழர் இல்லங்களிற் பிறந்த நாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் உண்டு. வீட்டில் இருந்தவாறே கேக் சுட்டு விற்றுக் குடும்பச் செலவை ஈடுசெய்யும் பெண்களும் இவ்வூர்களிற் பலர்.

இவர்களுள் ஒருத்தியின் கேக் அடி கருகிப் போயிற்று என்று கொள்வோம். முட்டை, வெண்ணெய், சீனி, மரமுந்திரிகைப் பருப்பு ஆகிய அனைத்தும் விலை கூடிய பண்டங்கள். அவற்றோடு ஒரு நாளைய உழைப்பும், கேக்குக்குச் சொல்லிவைத்த வீட்டாரிடம் உள்ள நற்பெயரும் அன்று கருகிப்போகின்றன. கருகியதற்குக் காரணம் தேடும்பொழுது போறணையிற் குறை காண்பார் உண்டு. மாவிற் குறை காண்பார் உண்டு. தன் கைராசியையே நொந்துகொள்வாரும் உண்டு. கேக் இருந்த தட்டை ஐயுறுவார் மிகச் சிலரே. ஆயினும் போறணையின் வெப்பம் எதுவாயினும், தட்டு விடுகின்ற அளவிலும் வேகத்திலுமே அது மாவைச் சென்றடைகிறது. ஆதலாற் போறணை வாங்குவதிற் காட்டும் கவனத்திற் பாதியையேனும் தட்டு வாங்குவதிற் காட்டுதல் வேண்டும்.

அடுப்பில் வைக்கும் சட்டிக்கு நெருப்பு அடியில் மட்டும் உண்டு. உள்ளிருக்கும் குழம்பு கொதித்துப் புரண்டு தானே வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். போறணையுள் இருக்கும் கேக் மாவோ அசைவற்றுக் கிடப்பது. அதன் அடியும் ஓரமும் முதலிற் சூடேறும். நடுப்பகுதி கடைசியாகச் சூடேறும். ஓரம் வெந்து இறுகிய பின்னரும் நடுப்பகுதி தளதளவென்று இருந்தால், அது பின்னர் மேலெழுந்து மலைபோற் குவிந்து வெடிக்கும். வெப்பத்தை எங்கும் ஒரு சீராகக் கொண்டு செல்வதே நல்ல தட்டின் முதற் பண்பு.

இப்பண்பிற் சிறந்தது அலுமினியம். இரும்புத் தகட்டைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கும், எவர்சில்வரைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேலும் அது வெப்பத்தைக் கடத்த வல்லது. கண்ணாடியோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல் எனலாம். எவர்சில்வர்த் தட்டு பார்வைக்கு அழகியது, உறுதியிலும் குறைவற்றது. ஆனால் வெப்பம் பட்ட இடத்திலேயே தங்கி நிற்பதால், மின் போறணையின் கீழ்க்கம்பிக்கு நேர் மேலே உள்ள பகுதி கருகவும் ஏனைய பகுதி வெளிறவும் அது இடங்கொடுக்கும். சோறும் கறியும் பரிமாறுவதற்கு அதனை வைத்துக்கொள்வதே முறை.

நிறமும் இங்கே ஒரு பொருட்டு. கறுத்த தட்டு, போறணையின் சூட்டுக் கதிர்களை மிகுதியாக வாங்கிக்கொள்ளும். வெளிறிய தட்டு அவற்றிற் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். பாணுக்குப் பொன்னிறமான தடித்த தோல் வேண்டுமாதலாற் கறுத்த தட்டு அதற்கு நன்று. கேக்குக்கு மெல்லிய தோலே அழகு. அதற்கு வெளிறிய அலுமினியமே தக்கது. கறுத்த தட்டு ஒன்றே கையில் உள்ளதாயின், போறணையின் வெப்பத்தை நூல் கூறும் அளவினின்று ஏறத்தாழ 15 பாகை செல்சியசு குறைத்து வைத்தால் நட்டம் நேராது.

கடையிற் பளபளவென்று அடுக்கியிருக்கும் தட்டுகளுள் எது அலுமினியம், எது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு என்று கண்ணாற் கண்டறிதல் எளிதன்று. சிறு காந்தத் துண்டொன்றைக் கைப்பையிற் கொண்டு சென்றாற் போதும். இரும்பாயின் காந்தம் பற்றிக்கொள்ளும், அலுமினியமாயின் பற்றாது. அடுத்து, தட்டின் அடிப்பகுதியின் நடுவிற் பெருவிரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். 'டக்' என்ற ஓசையோடு உட்குழிந்து மீண்டால் அது மெல்லிய தகடு. போறணைச் சூட்டில் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் தூக்கும். மாவு மறுபக்கம் வழிந்து சேர, ஒரு முனை தடித்தும் ஒரு முனை தீய்ந்தும் வரும். கடைக்காரரின் கண்ணாடி மேசைமேல் தட்டை வைத்து, அது ஆடாது நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். அவர் சற்றே முகஞ் சுளித்தாலும் பாதகமில்லை.

வாவிக்கரை மக்களுக்கு இரும்புத் தகட்டைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. இரண்டுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்கரையில் வீசுவது உப்புக் காற்று. வடகீழ்ப் பருவமழையும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே இப்பகுதியைக் குளிப்பாட்டுகிறது. நத்தார் கேக்கும் அம்மாதங்களிலேயே சுடப்படுகிறது. ஆண்டு முழுவதும் அலுமாரியின் மேலே கிடந்த தகரத் தட்டைத் தேவை வந்த நாளில் இறக்கினால், மூலைகளிற் செந்நிறத் துரு பூத்திருக்கும். வெள்ளீயப் பூச்சில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் அதன் வழியே துரு புகுந்துவிடும். கம்பியை உள்ளே வைத்துச் சுருட்டி மடித்த விளிம்பு கைக்கு உறுதியாயினும், கழுவிய நீர் அதனுள் ஒளிந்துகொள்ளும். உள்நாட்டில் நெடுநாள் உழைக்கும் இரும்புத் தட்டு, கல்லடியிலோ காத்தான்குடியிலோ விரைவில் மூப்படைவதற்கு இதுவே காரணம். அலுமினியத்துக்குத் துரு இல்லை. உப்பு நீரை அதில் நெடுநேரம் தேங்கவிட்டாற் சிறு குழிகள் விழும், அவ்வளவே.

இனி, லவ் கேக் என்று நாடெங்கும் பெயர் பெற்ற கேக்கை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயச் சாயலும் கீழைத்தேய வாசமும் கலந்து, இலங்கைப் பறங்கியர் அடுக்களையிலிருந்து பரவியது அது. ரவை, மரமுந்திரிகைப் பருப்பு, ஏராளமான முட்டை மஞ்சட்கரு, வெண்ணெய், சீனி, தேன், பன்னீர், ஏலம், சாதிக்காய் ஆகியன அதிற் சேரும்; நீற்றுப்பூசணியைப் பாகிலிட்ட 'புகுல் தோசி'யும் சேர்ப்பதுண்டு. மரமுந்திரிகையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் கீழ்த்திசைக்குக் கொணர்ந்த மரமே. கிழக்கிலங்கையின் மணற்பாங்கான நிலத்தில் அது நன்கு தழைத்துவிட்டது. இத்தனை சீனியும் தேனும் சேர்ந்த கலவை விரைவிற் கருகும் இயல்புடையது. வெளித்தோல் பழுப்பாகவும் உட்பகுதி ஈரப்பசையோடும் அமைவதே லவ் கேக்கின் இலக்கணம். ஆதலால் அதனை 150 பாகை அளவில் மெல்ல மெல்லச் சுடுவர்.

இங்கேதான் பழைய பறங்கிப் பாட்டிமாரின் நுட்பம் விளங்குகிறது. அவர்கள் தட்டினுள்ளே நாலைந்து மடிப்புக் காகிதத்தைப் பரப்பி, மேல் மடிப்புக்கு வெண்ணெய் தடவி, அதன்மீதே மாவை ஊற்றினர். தட்டு விரைவாகக் கடத்தும் வெப்பத்தைக் காகிதமும் அதன் இடையே அகப்பட்ட காற்றும் தடுத்துத் தணிக்கின்றன. அலுமினியத்தின் சீர்மையும் மண்சட்டியின் நிதானமும் இவ்வாறு ஒரே தட்டிற் கிடைத்துவிடுகின்றன. செய்தித்தாள் பயன்படுத்துவோர் அதனைத் தட்டின் வெளிப்புறத்திற் சுற்றிக் கட்டுதல் நன்று. தாள் வெப்பக் கம்பியிலோ தழலிலோ படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சு மை உணவிற் படுதல் ஆகாது. உட்புறத்துக்கு வெண்ணெய்த்தாள் கடைகளிற் கிடைக்கிறது.

அத்தகைய கேக்குக்குச் சதுரத் தட்டே வசதி. சிறு துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டுமன்றோ! பக்கச் சுவர்கள் சரிவின்றி நேராகவும், ஆழம் 2 அங்குலத்துக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும்.

அளவைப் பொறுத்தமட்டில் நூலில் உள்ளதை அப்படியே பின்பற்றுவது நலம். இயலாதபோது ஒரு சிறு கணக்கு உதவும். 8 அங்குலச் சதுரத் தட்டின் அடிப்பரப்பு 64 சதுர அங்குலம். 8 அங்குல வட்டத் தட்டின் பரப்போ ஏறத்தாழ 50 மட்டுமே. இரண்டும் '8 அங்குலம்' என்ற பெயரோடு விற்கப்படுவதால் ஒன்றுக்கு ஒன்று ஈடென்று எண்ணி ஏமாறுவோர் பலர். சதுரத்துக்குரிய மாவை வட்டத்தில் ஊற்றினால் அதன் உயரம் காற்பங்குக்கு மேற் கூடும்; நடு வேகாது, ஓரம் காயும். வட்டத் தட்டு சதுரத் தட்டினும் ஓர் அங்குலம் பெரிதாயிருந்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகும்: 9 அங்குல வட்டத்தின் பரப்பு 63½ சதுர அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். பூ வடிவான, மடிப்புகள் கொண்ட அச்சுகளுக்கு இக்கணக்குச் செல்லாது. ஒல்லாந்த வழி வந்த புரூடர் என்னும் பண்டத்தின் அச்சு அத்தகையது. அதற்குத் தேநீர்க் கோப்பையால் நீர் அளந்து ஊற்றி, பழகிய தட்டு எத்தனை கோப்பை கொள்கிறதோ அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. கேக் மாவு எந்தப் பாத்திரத்திலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிற்கலாகாது.

தட்டுக்கும் போறணைச் சுவருக்கும் இடையே நாற்புறமும் ஓர் அங்குல இடைவெளியேனும் இருந்தாலன்றிச் சூடான காற்று சுற்றி வரமாட்டாது. மேசைமேல் வைக்கும் சிறு மின் போறணைகளே இன்று வீடுகளில் மிகுதி. அவற்றின் உட்புறத்தை நூலால் அளந்து, அந்நூலை முடிச்சிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். மூன்று தட்டுகள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி மலிவாகக் கிடைக்கும் தொகுதியை வாங்கி, பெரியது போறணைக்குள் நுழையாமல், சிறியது எதற்கும் போதாமல், நடுத்தட்டு ஒன்றையே பயன்படுத்தும் வீடுகள் எத்தனையோ! அவ்விலைக்கு நல்ல தட்டு ஒன்றே வாங்கியிருக்கலாம்.

கேக்கைப் பற்றி இத்துணை கூறியதால் அலுமினியம் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று கொள்ளலாகாது. வாவியிற் பிடித்த கொடுவா மீனைத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் மிளகும் தடவிப் போறணையிற் சுடுவதாயின் அலுமினியத் தட்டு பகையாகும். புளிப்பும் உப்பும் சேர்ந்து அவ்வுலோகத்தை அரிக்கும்; மீனில் உலோகச் சுவை ஏறும்; தட்டும் கறுக்கும். புளி, கொறுக்காய், தக்காளி சேரும் எல்லாவற்றுக்கும் கண்ணாடியோ பீங்கானோ நன்கு பழகிய மண்சட்டியோதான் தகும்.

போறணைக் கண்ணாடி தோன்றிய வரலாறு சுவையானது. ஜெர்மனியில் ஒட்டோ ஷொட் என்பார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், போறன் கலந்து, வெப்பத்தில் அதிகம் விரியாத கண்ணாடியை ஆக்கினார். அமெரிக்காவிற் கோர்னிங் என்னும் கண்ணாடித் தொழிற்சாலை அவ்வகைக் கண்ணாடியில் மின்கல ஜாடிகள் செய்துவந்தது. அங்கே பணியாற்றிய ஜெஸ்ஸி லிட்டில்ற்றன் என்னும் அறிவியலாளர் 1913இல் அத்தகைய ஜாடிகளின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டு சென்றார். சுடும்போது பாத்திரம் உடைந்துபோகக் கண்ட அவர் மனைவி பெஸ்ஸி, அந்த ஜாடி அடியிலே கேக் சுட்டுக் காட்டினார். கேக் ஒட்டாமல், ஒரு சீராக வெந்து வந்தது. 1915இல் 'பைரெக்ஸ்' விற்பனைக்கு வந்தது. ஆய்வுகூடத்துக்கு அடுக்களை பாடஞ் சொன்ன நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் இன்று கண்ணாடித் தட்டென்று விற்கப்படுவன யாவும் போறன் கலந்தவை அல்ல. சோடாவும் சுண்ணமும் சேர்ந்த சாதாரணக் கண்ணாடியை வெப்பத்தாற் பதப்படுத்தியும் செய்கின்றனர். அது கைதவறி விழும்பொழுது எளிதில் உடையாது; எனினும் திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு, ஏனெனிற் போறன் கண்ணாடியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அது விரியும். எவ்வகையாயினும், குளிர்பெட்டியினின்று எடுத்த கண்ணாடித் தட்டை நேரே சூடான போறணையுள் வைத்தலும், போறணையினின்று எடுத்ததை ஈரமான சீமெந்துத் திண்ணையில் வைத்தலும் பெருந்தவறு. அடுப்புச் சுவாலையில் அதனை வைத்தலும் கூடாது. கண்ணாடி மெல்லச் சூடேறும். ஏறிய சூட்டை எளிதில் விடாது. இதில் ஒரு நன்மையும் உண்டு. மாரியில் மின்சாரம் திடீரென நின்றுவிட்டால், போறணைக் கதவைத் திறவாமல் விட்டுவிட்டாற் கண்ணாடியும் மண்ணும் சேமித்த சூடு சிறிது நேரம் வேலை செய்யும்.

வட்டிலப்பம், முட்டைப் புட்டிங் முதலியவற்றைப் போறணையிற் செய்வோர், சிறு கண்ணாடிப் பாத்திரத்தை நீர் நிரப்பிய பெரிய தட்டினுள் வைத்துச் செய்தல் வேண்டும். போறணை எவ்வளவு சூடாயினும் நீர் 100 பாகைக்கு மேற் போகாது. முட்டை திரைந்து துளை விழாமல் இறுகும். வெளித்தட்டு எதுவாயினும் குற்றமில்லை.

மண் பாத்திரத்துக்கு மட்டக்களப்பிற் பஞ்சமில்லை. படுவான்கரையின் எருமைத் தயிர் மண்சட்டியிலேயே வருகிறது. தயிர் தீர்ந்தபின் சட்டியை எறிய மனம் வராது. ஆனால் அச்சட்டி தயிருக்கென்று செய்யப்பட்டது. நுண்துளைகளிற் கொழுப்பும் புளிப்பும் ஊறியிருக்கும். சூட்டில் விரிசல் காணவும் கூடும். போறணைக்கென்றால் அடுப்பிற் பழகிய கறிச்சட்டியே மேல். அதனையும் நீரில் ஊறவைத்து, குளிர்ந்த போறணையில் வைத்துப் பின்னரே சூடேற்றுதல் வேண்டும். விரிசல் காணினும் எண்ணெய் வழிந்து தீப்பற்றாதவாறு அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்வது அறிவுடைமை. பளபளக்கும் பூச்சுடைய, எங்கே செய்ததென்று தெரியாத பழைய மட்பாண்டங்களை விலக்குதல் வேண்டும். அப்பூச்சுகள் சிலவற்றிற் காரீயம் உண்டு. புளிப்பு அதனைக் கரைத்து உணவிற் சேர்க்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு இது பெருங்கேடு.

காரீயம் வேறொரு வழியாலும் வரும். பழைய தகரப் பேணிகளை வெட்டிக் கேக் தட்டாக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அப்பேணிகளின் பொருத்துவாய் ஈயப் பற்றாசினால் ஒட்டப்பட்டது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த அப்பற்றாசு 183 பாகை அளவிலேயே உருகத் தொடங்கும். சாதாரணக் கேக்கைச் சுடுவது 180 பாகையில் என்பதை எண்ணினால் ஆபத்து எத்துணை அண்மையில் உள்ளது என்பது புலனாகும். இக்காலப் பேணிகள் பெரும்பாலும் வேறு முறையிற் பொருத்தப்படுவன. எனினும் அவற்றின் உட்பூச்சு போறணையின் வறண்ட வெப்பத்துக்கென ஆக்கப்பட்டதன்று. கூரைக்குப் பயன்படும் நாகம் பூசிய தகட்டில் தட்டடித்துத் தருவோரிடமும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

ஒட்டாப் பூச்சுத் தட்டுகள் இப்பொழுது எங்கும் மலிந்துள்ளன. 260 பாகைக்கு மேல் அப்பூச்சு சிதையத் தொடங்கும். கேக்குக்கு அத்துணை சூடு தேவையில்லையாதலால் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் தட்டிலேயே கத்தியால் துண்டு போடும் வழக்கமுள்ள வீட்டில் அதன் ஆயுள் ஓராண்டைத் தாண்டாது. சிலிக்கோன் அச்சுகள் வெப்பத்தைத் தயங்கியே கடத்துவதால் அடி வெளுத்து நிற்கும். வெண்ணெய் தடவி மாத்தூவிய அலுமினியத்துக்கு இவ்விரண்டும் ஈடாகா.

போறணையே இல்லாத வீடுகளும் உண்டு. 2022ஆம் ஆண்டிற் சமையல் எரிவாயுவுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு வந்தபொழுது, போறணை உள்ள வீட்டாரும் விறகடுப்பை நாடினர். ஆழமான தாச்சியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் முக்காலி வளையம் வைத்து, வளையத்தின்மேற் கேக் தட்டை இருத்தி, மூடியின்மீது சிரட்டைத் தழலை இடுவது பழைய முறை. மணல் அடிநெருப்பைத் தணிக்கும். மேல்நெருப்பு தோலைப் பொன்னிறமாக்கும். இம்முறைக்கு வட்டத் தட்டு வேண்டும். தாச்சியின் சுவரைத் தொடாதவாறு இரண்டு அங்குலம் சிறியதாகவும் இருத்தல் வேண்டும். இங்கே கறுத்த தட்டு முற்றிலும் ஆகாது. தழலின் சூட்டை அளக்கக் கருவி இல்லையாதலால், வெளிறிய தடித்த அலுமினியமே பிழை பொறுக்கும்.

புதிதாக வாங்கிய தட்டில் முதன்முதலில் விலை கூடிய கேக்கைச் சுடாமல், சிறிது மாவும் இரண்டு முட்டையும் கொண்டு சாதாரணக் கேக் ஒன்று சுட்டுப் பார்த்தல் நன்று. வெந்ததும் கவிழ்த்து அடியைப் பார்த்தால் போறணையின் எந்த மூலை கடுமையானது என்பது அதன் நிறத்திலேயே எழுதியிருக்கும். அடுத்த முறை பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கலாம். அலுமினியத் தட்டைச் சாம்பலாலும் கம்பித் தும்பாலும் தேய்க்காமல், வெந்நீரில் ஊறவைத்து மென்துணியாற் கழுவுதல் வேண்டும். கழுவிய தட்டை, அணைத்த போறணையின் எஞ்சிய சூட்டிற் பத்து நிமிடம் வைத்தெடுத்தால் மடிந்த விளிம்பில் ஒளிந்த நீரும் வற்றிவிடும். பின்னர் காகிதத்திற் சுற்றி, கடற்காற்று படாத அலுமாரித் தட்டிலே குப்புற வைத்துவிடலாம்.